வெளியூர் மைதானத்தில் நம் அணிக்காக: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் கீழ் அடுக்குக் கால்பந்து பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், தெற்கு லண்டன் டூட்டிங்கில் வசிக்கும் நம் கட்டுரையாளர். ஏஎஃப்சி விம்பிள்டன் அணியின் ரசிகர். அந்த அணி எங்கே ஆடப் போனாலும் முடிந்தவரை தானும் போகிறவர்.

பிரஸ்டனில் முதுகலை படிக்கிறேன். மான்செஸ்டர் யுனைடெட் ஆடும் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தின் டிக்கெட் என் கைக்கு எட்டாது. வகுப்பு நண்பர் ஒருவர் சின்ன அணிகளின் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார், அதுவும் வெளியூர் அணியின் ரசிகராக வரச் சொல்கிறார். எப்படிப் போவது, எங்கே உட்காருவது?
எஸ். கே., பிரஸ்டன்

தம்பி, அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்துக் கால்பந்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிரீமியர் லீகில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். ஆக மொத்தம் 92. இந்த நான்கு அடுக்குகளையும் சேர்த்துத்தான் இனி லீக் என்று சொல்லப் போகிறேன். லீக் டூவில் கடைசி இரண்டு இடத்துக்கு வந்தால் நேஷனல் லீகுக்கு இறங்க வேண்டும். அதற்கும் கீழே ஊருக்கு ஊர் அணிகள் உண்டு. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் வருடா வருடம் நடப்பதால், கடைசிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அணிகள் ஏப்ரலில் மோதுகிற ஆட்டம்கூட ஊரையே உலுக்கிவிடும்.

முதலில் உங்களுக்கென்று ஒரு அணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் ஊர் சாதாரண ஊர் இல்லை. பிரஸ்டன் நார்த் எண்ட் 1878 முதல் டீப்டேலில் ஆடுகிறது. 1888-89-ல் நடந்த முதல் லீக் சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்று, அதே சீசனில் எஃப்ஏ கோப்பை என்ற நாக்அவுட் போட்டியையும் வென்ற அணி. நண்பர் வேறு அணியின் ரசிகர் என்றால் அவர் அணியோடும் போகலாம், தப்பில்லை.

அணி முடிவானதும் டிக்கெட்டை அந்த அணியிடமே வாங்குங்கள். ஆட்டம் நடக்கும் ஊரின் கிளப், வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்கான டிக்கெட்டுகளை உங்கள் கிளப் வழியாக விற்கும். அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் அவே எண்ட் என்கிறார்கள். அதே தரமான இடத்துக்கு உள்ளூர்க்காரர்களிடம் வாங்குவதைவிட உங்களிடம் அதிகம் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. சில சின்ன மைதானங்களில் அன்றைக்கு வாசலிலேயே காசு கொடுத்தும் போகலாம். ஒன்றே ஒன்று முக்கியம்: உங்கள் அணியின் சட்டையோ மஃப்ளரோ போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர்களின் பகுதியில் உட்காராதீர்கள். டிக்கெட் இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கு ரயிலில் எளிதாகப் போகக்கூடிய ஊர் அக்ரிங்டன். கோல்னுக்குப் போகும் ரயிலில் ஏறினால் பிளாக்பர்ன் தாண்டி வரும், மாற வேண்டியதில்லை. அங்கேயுள்ள அக்ரிங்டன் ஸ்டான்லியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1962-ல் பணம் இல்லாமல் சீசன் நடுவிலேயே லீகை விட்டு விலகியது. அதன் இடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் வந்தது. 1968-ல் ஊர்க்காரர்கள் அதே பெயரில் மறுபடி ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, 2006-ல் லீகுக்குத் திரும்பினார்கள். அந்த வருடம் லீகிலிருந்து கீழே இறங்கிய அணிகளில் ஒன்று அதே ஆக்ஸ்ஃபோர்டு.

அந்த மைதானம் ஐயாயிரம் சொச்சம் பேர் கொள்ளும், அவ்வளவுதான். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துப் போடும் சத்தம், பந்தை உதைக்கும் ஓசை, பயிற்சியாளர் நடுவரிடம் முறையிடுவது எல்லாம் காதில் விழும். ஆட்டம் முடிந்ததும் உங்கள் அணி வீரர்கள் அவே எண்ட் பக்கம் நடந்து வந்து கை தட்டி நன்றி சொல்வார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்ற நாளிலும் வருவார்கள். முன்வரிசையில் நின்றீர்கள் என்றால் அவர்கள் முகத்தைப் பார்க்கலாம். அதற்காகவே நான் கிளம்பிப் போன நாட்கள் உண்டு.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளித் தோழனின் அப்பா அவனை வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். அடிதடி, நிறவெறி என்று எத்தனையோ கேள்விப்பட்டிருக்கிறோம். அனுப்பலாமா?
ஒரு தாய், ஹாரோ

அனுப்பலாம் அம்மா. ஆனால் உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எண்பதுகளில் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. 1985 மார்ச்சில் லூட்டனுக்கு வந்த மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்து, மைதானத்துக்குள் இறங்கிக் கலவரம் செய்தார்கள். அதற்குப் பிறகு லூட்டன் கிளப் 1986 முதல் நான்கு சீசன்களுக்கு வெளியூர் ரசிகர்களே வரக் கூடாது என்று தடை போட்டது. இன்றைக்கு அதே கெனில்வொர்த் ரோடு மைதானத்துக்கு வெளியூர் ரசிகர்கள் எப்படி நுழைகிறார்கள் தெரியுமா? வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் வாசலில் நுழைந்து, படியேறினால் இரண்டு பக்கமும் மக்களின் கொல்லைப்புறம். கொடியில் துணி காய்கிறது. அவ்வளவு நெருக்கமாகப் போய்வருகிறோம், சண்டை சச்சரவு இல்லாமல்.

இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. கேமரா, தனித்தனி வாசல், இரு பக்க ரசிகர்களையும் பிரித்து வைக்கும் காவல் ஏற்பாடு எல்லாம் வந்தன. 1991-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மைதானத்தில் இனவெறிக் கோஷம் போடுவது, பொருளை எறிவது, ஆட்டக்களத்துக்குள் ஓடுவது மூன்றுமே குற்றம்.

இனவெறி அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. வடக்கே ஒரு மைதானத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் என் நிறத்தைச் சொல்லித் திட்டினார். நான் திரும்புவதற்குள் என்னோடு நின்ற விம்பிள்டன்காரர்கள் ஸ்டூவர்டை, அதாவது மைதான ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரை, கூப்பிட்டு, ஆளைக் கைகாட்டிவிட்டார்கள். அவரை வெளியே கொண்டுபோனார்கள். அந்தச் சொல் வலித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு நொடியும் யோசிக்காமல் நடந்துகொண்டதும் மறக்கவில்லை. மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அப்படி ஏதாவது காதில் விழுந்தால் சும்மா இருக்க வேண்டாம், பதிலுக்கும் பேச வேண்டாம், உடனே பெரியவரிடமோ ஸ்டூவர்டிடமோ சொல்ல வேண்டும். ஸ்டூவர்டுகள் பளிச்சென்ற மேலங்கி போட்டு எங்கும் நிற்பார்கள்.

அடிதடியைவிட அவன் நிச்சயமாகச் சந்திக்கப்போவது கெட்ட வார்த்தைகள். அவே எண்ட் பாட்டுகளில் அது நிறைய இருக்கும். வீட்டுக்கு வந்து பாடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

தோழனின் அப்பாவிடம், கிளப் நடத்தும் ரசிகர் பேருந்தில் போகச் சொல்லுங்கள். 1985-ல் வந்த சட்டப்படி அந்தப் பேருந்துகளில் மதுவுக்கு இடமில்லை. குடும்பங்களும் வயதானவர்களும் அதிகம் வருவார்கள். மைதான வாசலில் இறக்கி, அங்கேயே ஏற்றிக்கொள்வார்கள்.

முடிந்தால் அதற்கு முன்னால் நீங்களே அவனோடு ஒரு ஆட்டம் பாருங்கள். ஹாரோவில் இருக்கும் உங்களுக்குத் தூரமே இல்லை. கேனன்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கினால் பார்னெட் அணியின் ஹைவ் மைதானத்துக்கு நடந்தே போகலாம். ஒரு சனிக்கிழமை மதியம் போய் வந்தீர்கள் என்றால் உங்களுக்கே தெளிவு வந்துவிடும்.

நாங்கள் சைவம். மைதானத்தில் சாப்பிட என்ன கிடைக்கும்?
வி. என்., குரோய்டன்

சீஸ் அண்ட் ஆனியன் பை, அதாவது சீஸும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம். வடக்கே போகப் போக ருசி கூடும். அது இல்லையென்றால் சிப்ஸ்.

இரண்டு எச்சரிக்கை. குளிர் நாளில் எல்லோரும் கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு நிற்பார்கள், போவ்ரில் என்பார்கள். நிறத்தைப் பார்த்து ஏதோ கஷாயம் என்று வாங்கிவிடாதீர்கள், அது மாட்டிறைச்சிச் சாறு. அடுத்து, யார்க்ஷயரிலும் கிரிம்ஸ்பி பக்கத்துக் கடற்கரையிலும் மைதானத்துக்கு வெளியே உள்ள பல கடைகளில் சிப்ஸையே மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எதில் பொரிக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள், முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

எதையும் கேட்காமல் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமா, குளோஸ்டர்ஷயரில் நெய்ல்ஸ்வொர்த் என்ற சிற்றூருக்குப் போங்கள். அங்கே ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் மைதானத்தில் 2015 முதல் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பாலும் முட்டையும்கூடக் கிடையாது. வீரர்களுக்கும் அதே சாப்பாடுதான். 2024-ல் லீக் டூவிலிருந்து இறங்கிவிட்டார்கள், அதனால் லீக் அணிகளின் ரசிகர்களுக்கு அங்கே போகும் வாய்ப்பு குறைந்துபோனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நின்றபடியே ஆட்டம் பார்க்கும் மைதானங்கள் இன்னும் இருக்கிறதாமே? குளிர்காலத்தில் தாங்குமா? எந்த ஊருக்குப் போகலாம்?
ஆர். ஜே., லெஸ்டர்

இருக்கிறது. 1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அவர்களும் தங்கள் அணிக்காக வேறு ஊருக்குப் போனவர்கள்தான். அதற்குப் பிறகு மேலே உள்ள இரண்டு அடுக்குகளிலும் எல்லோருக்கும் இருக்கை என்று கட்டாயமாக்கினார்கள். லீக் ஒன், லீக் டூ அணிகள் பழைய டெரஸை வைத்துக்கொள்ளலாம். டெரஸ் என்றால் நம் ஊர்த் தெப்பக்குளப் படிக்கட்டு மாதிரி, கான்கிரீட்டில். இடையிடையே சாய்ந்துகொள்ள இரும்புக் குழாய்.

முதலில் எக்ஸிட்டருக்குப் போங்கள். செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்றே ஒரு குட்டி ரயில் நிலையம், இறங்கினால் எதிரிலேயே மைதானம். 2003 முதல் அந்தக் கிளப் ரசிகர்களின் கையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நிற்கும் படிக்கட்டுக்குக் கூரை இல்லை, மழை வந்தால் நனைய வேண்டியதுதான். பிரேசில் அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது யாரோடு என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். 1914 ஜூலையில் ரியோவில், இந்த எக்ஸிட்டர் சிட்டியோடு. பிரேசில் 2-0 என்று வென்றது.

அப்புறம் கிரிம்ஸ்பி. கிரிம்ஸ்பி டவுன் ஆடும் ப்ளண்டல் பார்க் உண்மையில் பக்கத்து ஊரான க்ளீதார்ப்ஸில் இருக்கிறது. உயரமான ஸ்டாண்டின் மேல்தட்டில் இருந்தால் ஹம்பர் முகத்துவாரத்தில் கப்பல் போவது தெரியும். மீன்பிடி ஊர் என்பதால் ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஹாரி ஹாடக் என்று அதற்குப் பெயர். அங்கே இருக்கை உண்டு, கூரை உண்டு, ஆனாலும் கடற்காற்று எலும்புக்குள் போகும். 2025 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை லீக் கோப்பையில் தோற்கடித்தது இந்த லீக் டூ அணிதான். 2-2 சமநிலை, பிறகு பெனால்டியில் 12-11. மான்செஸ்டர் ரசிகர்களும் அன்று அந்தக் காற்றில்தான் நின்றார்கள்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். உடம்பைவிடக் கால்தான் முதலில் விறைக்கும். இரண்டு ஜோடி சாக்ஸ் போடுங்கள். ஒரு அட்டையைக் கொண்டுபோய்க் கான்கிரீட்டின் மேல் போட்டு அதன்மேல் நில்லுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் களம் உறைந்தோ தண்ணீர் தேங்கியோ ஆட்டம் ரத்தாகலாம். கார்லைல் அணியின் ப்ரண்டன் பார்க் 2005-லும் 2015-லும் வெள்ளத்தில் மூழ்கியே போனது. காலையில் நடுவர் வந்து களத்தைப் பார்த்தாரா என்ற செய்தியைக் கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.

ஐபிஎல் பார்த்து வளர்ந்தவன் நான். கோப்பையே வெல்லாத ஒரு அணிக்காக விடிகாலையில் எழுந்து, நானூறு கிலோமீட்டர் போய், தோற்றுவிட்டுத் திரும்புவதில் என்ன இருக்கிறது? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.
பி. எம்., சென்னை

உண்மையாகவே கேட்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் விம்பிள்டன் 1988-ல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்ஏ கோப்பை வென்ற அணி. 2002 மே மாதம், அந்தக் கிளப்பை லண்டனிலிருந்து தூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று கால்பந்துச் சங்கம் நியமித்த குழு அனுமதி கொடுத்தது. வியாபாரம் இடம் மாறுகிற மாதிரி ஒரு ஊரின் அணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரசிகர்கள் அழுதார்கள், பிறகு சில வாரங்களில் ஒரு புதிய கிளப்பை ஆரம்பித்தார்கள். விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி வீரர்களைத் தேர்வு செய்தார்கள். ஒன்பதாவது அடுக்கில் தொடங்கிய அந்த அணி 2011-ல் லூட்டனைப் பெனால்டியில் வென்று லீகுக்குள் வந்தது. ஒன்பது வருடம்! 2020-ல் பழைய மைதானம் இருந்த ப்ளவ் லேனிலேயே புதிய மைதானம் கட்டித் திரும்பினோம். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். கிளப் இன்றும் ரசிகர்களின் சொத்து.

இதைப் பார்த்தவனுக்குக் கோப்பை இரண்டாம் பட்சம். அணி இருக்கிறதே என்பதுதான் முதல் சந்தோஷம். ஏனென்றால் இல்லாமலும் போகலாம். பரி அணியைப் பாருங்கள். 1900-லும் 1903-லும் எஃப்ஏ கோப்பை வென்றது, 1894 முதல் லீகில் இருந்தது. கடன் முற்றி 2019 ஆகஸ்டில் லீகிலிருந்து நீக்கப்பட்டது. கிக் லேன் மைதானத்தில் நான்கு வருடம் அந்தக் கிளப்பின் ஆட்டமே இல்லை. 2023-ல் ரசிகர்கள்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள், பல அடுக்கு கீழே.

வெளியூர் ஆட்டத்துக்குப் போவதன் அர்த்தம் எனக்கு இதில் இருக்கிறது. நம் ஊர் மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள், நான் ஒருவன் வராவிட்டால் தெரியாது. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இரவு, இருநூறு மைல் தள்ளி, நூற்றைம்பது பேர் நிற்கிற இடத்தில் நான் இருந்தால் அது வீரர்களுக்குத் தெரிகிறது. கூட நிற்கிறவர்களுக்கும் தெரிகிறது. பெயர்கூடத் தெரியாத பலரோடு எனக்கு அப்படி நட்பு வந்தது. போன தடவை நான் வராததைக் கேட்பார்கள், மனைவியின் உடல்நிலையைக் கேட்பார்கள். பிழைக்க வந்த நாட்டில் என்னை அப்படி விசாரித்த முதல் ஆட்கள் அவர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1985 மே 11, பிராட்ஃபோர்டு சிட்டிக்கும் லிங்கன் சிட்டிக்கும் ஆட்டம். பழைய மர ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் லிங்கனிலிருந்து வந்த ரசிகர்கள். லிங்கன் மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு அந்த இருவரின் பெயரையும் சேர்த்து ஸ்டேசி-வெஸ்ட் என்று வைத்திருக்கிறார்கள். வீரர் பெயரோ முதலாளி பெயரோ வைக்கிற இடத்தில், அணியின் பின்னால் போன இரண்டு ரசிகர்களின் பெயர். லிங்கனில் அதைப் பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

வெற்றியும் கிடைக்காமல் போகாது. 1999 மே 8, கார்லைல் அணி வென்றால்தான் லீகில் இருக்க முடியும், எதிரே பிளிமத் ஆர்கைல், 1-1. நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களும் முடிகிற கட்டம், கார்னர். ஸ்விண்டனிலிருந்து கடனாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு முன்னால் ஓடி வந்தார், திரும்பி வந்த பந்தை உதைத்துக் கோல் போட்டார். கார்லைல் தப்பியது, ஸ்கார்பரோ இறங்கியது. அதை ஐபிஎல் கடைசி ஓவரோடு ஒப்பிடுவது உங்கள் விருப்பம். நான் கார்லைலை எடுத்துக்கொள்வேன்.

டிக்கெட், ரயில் விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன? ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர்களை உள்ளேயே நிறுத்தி வைப்பார்களா?
டி. எஸ்., மில்டன் கீன்ஸ்

உங்கள் ஊரைப் பற்றி மேலே எழுதியதில் உங்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நிறுத்தி வைப்பது பக்கத்து ஊர்ப் பகை ஆட்டங்களில் மட்டும் எப்போதாவது நடக்கும். மற்றபடி எல்லோரும் ஒன்றாகவே நிலையத்துக்கு நடப்பார்கள்.

சனி மதியம் 2.45 முதல் 5.15 வரை இங்கே தொலைக்காட்சியில் நேரலைக் கால்பந்து கிடையாது, மக்கள் மைதானத்துக்குப் போகட்டும் என்று பல காலமாக இருக்கும் ஏற்பாடு. அதனால் சில ஆட்டங்களை ஒளிபரப்புக்காக மதியம் 12.30-க்கு மாற்றிவிடுவார்கள். நேரம் உறுதியான பிறகே ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். ரயில்கார்டு என்ற சலுகை அட்டை இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ரயில் டிக்கெட், மைதான டிக்கெட் இரண்டும் பெரும்பாலும் போனில்தான் வருகிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.